பாதித் தாழ்

பித்தளையைத் துலக்கப் பழைய பனியன் துணியை விட நல்லது எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும்போதே எழுவேன். சவரம் செய்வேன். சட்டைக்கு இஸ்திரி போடுவேன். பிறகு ரயில் கொட்டகைக்குப் போய் மரப்பெட்டிகளின் கதவுப் பிடிகளைத் துடைத்து முடிப்பேன். அன்றும் அப்படித்தான்.

எங்கள் ரயில் யாரையும் எந்த ஊருக்கும் கொண்டு சேர்ப்பதில்லை. நீராவி எஞ்சின், தாத்தா காலத்துப் பெட்டிகள். மலையைச் சுற்றிக் காட்டிவிட்டு, ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும். பள்ளத்தாக்குப் பாலத்தில் தண்டவாளம் வளையும். அங்கே எல்லோரும் ஒரே பக்கம் வந்து, தாங்கள் உட்கார்ந்திருக்கும் ரயிலின் எஞ்சினையே எட்டிப் பார்ப்பார்கள்.

கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. பிடியும் வெளியில் மட்டும்தான். உள்ளே இருப்பவர் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே விட்டுத்தான் திருப்ப வேண்டும். முழுதாகத் திருப்பாவிட்டால் தாழ் பாதிதான் விழும். கதவு சாத்தியது போலவே இருக்கும், யாராவது சாயும் வரை. அதனால் ஒவ்வொரு பிடியையும் திருகிப் பார்ப்பது கார்டின் வேலை.

போன வருஷம் அந்தப் பாலத்தில் என் மனைவி சாய்ந்த கதவு திறந்துகொண்டது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் அவளைப் படம் எடுக்கச் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன். எல்லாக் கதவையும் சாத்தியதாக விசாரணையில் கார்டு சொன்னார். சாத்திய கதவு எப்படித் திறக்கும் என்று கேட்டேன். சாத்தினேன் என்பதையே திரும்பச் சொன்னார். எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

அவரை மன்னித்துவிட்டதாகச் சொல்லித்தான் நான் ஞாயிறு வேலைக்குச் சேர்ந்தேன். அழுதுவிட்டார். நல்ல மனிதர், அதை மறைக்கத் தேவையில்லை. வாராவாரம் எனக்கும் சாப்பாடு கொண்டு வருவார்.

“உனக்கும் சேத்துத்தான் வீட்ல கட்டுறா தம்பி. நீ எளைச்சா என்னைத்தான் திட்டுறா.”

“உங்க தொப்பையைக் குறைக்கத்தான் எனக்குப் பங்குன்னு ஒரு பேச்சு இருக்கு.”

“தொப்பையா? இது பிரேக்குப்பா. டிரைவர் கைவிட்டா இதை வச்சுத்தான் வண்டியை நிறுத்தணும்.”

நானும் சிரித்தேன்.

பாலத்தில் அவர் கடைசியில் இருக்கும் தன் பெட்டிக் கதவில் மொத்த உடம்பையும் சாய்த்து, டிரைவருக்குப் பச்சைக் கொடி காட்டுவார். பயணிகளின் கதவுகளை எல்லாம் திருகிப் பார்ப்பவர், தன் கதவை மட்டும் பார்ப்பதில்லை. அதை நான் சாத்துவேன். நான் சாத்தினால் போதும் என்றிருந்தார்.

அன்று காலை அவருக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்.

“அண்ணே, அன்னைக்கு அந்தக் கதவை நெஜமாவே சாத்துனீங்களா?”

“திருகிப் பாத்துத்தான் சாத்துனேன் தம்பி. உன் மனசு ஆறட்டும்னு இல்லன்னு சொல்லிடலாமான்னுகூட நெனச்சிருக்கேன். வாய் வரல.”

மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கதவின் பிடியை முழுதாகத் திருப்பியிருப்பேன். பாதியில் விட்டேன். துணியால் ஒருமுறை துடைத்தேன், பித்தளையில் விரல் பட்டால் கறுக்கும். நான் நடுப்பெட்டி ஜன்னலில் நின்றேன். வளைவில் கடைசிப் பெட்டி தெரிந்தது. கொடி தெரிந்தது. பிறகு திறந்த கதவு மட்டும் தெரிந்தது. பயணிகள் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்தான் செய்தேன், ஐயா, வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வருத்தம் இல்லை. கடமை தவறியவர் அவர்.

என் மனைவி கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள். “எவ்வளவு அழகு” என்றாள் என்று விசாரணையில் சொன்னேன். என் மாமியாரிடமும் அதையே சொன்னேன். உண்மையில் அவள் சொன்னது வேறு. நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதால் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

“திறந்த கதவுல நிக்கிற போட்டோவும் வேணாம், ஒண்ணும் வேணாம்ப்பா. கையை உள்ள எடு, அந்தப் பிடியை விடு. கார்டு இப்பத்தானே திருகிப் பாத்துச் சாத்திட்டுப் போனாரு.”