மேல் தட்டு எலிகள்

...இல்லண்ணா, நான் கேக்கறேன், ஒரு ஏசி ரிப்பேருக்கு நான் எதுக்கு? நீங்க மெக்கானிக், உங்களுக்கு வேலை தெரியும். நான் பக்கத்துல நின்னு விசிறியா வீசப் போறேன்? ஆனா ரூல் இருக்காம். எலி ரூமுக்குள்ள வெளியாள் வந்தா லேப் ஆளு ஒருத்தர் கூடவே இருக்கணுமாம். எலியே இல்லாத ரூமுக்கு! பாருங்க, எல்லாம் காலிக் கூண்டு. போன வாரத்தோட அதுங்க கதை முடிஞ்சுது. குடுத்து வச்சதுங்க, மீட்டிங்குக்கு வரவேண்டாம்.

இந்தக் கம்ப்ளெயிண்டும் நான் குடுக்கல. குடுத்தது சந்தேகம். ...பேரு இல்லண்ணா, நாங்க வச்ச பேரு. லேப்ல புதுசா சேந்த பொண்ணு. வாயைத் தொறந்தா, "அக்கா, ஒரு சந்தேகம்." இப்போ என்னடான்னா, இந்த அலமாரியில மேல் தட்டு குளுருதாம், கீழ்த் தட்டு வெதுவெதுன்னு இருக்காம். எலி வந்து இவகிட்ட சொல்லிச்சா? வேலையில தப்புப் பண்ணிட்டு மெஷினைக் கை காட்டறா. ...பாத்து ஏறுங்க, அந்த ஏணிக்கு ஒரு கால் ஆடும். வாங்கினப்பவே ஆடிச்சு.

என்ன தப்புன்னு கேக்கறீங்களா? ...கேக்கலையா? பரவால்ல, சொல்றேன்.

பக்கவாதம் தெரியுமில்ல? மூளைக்குப் போற ரத்தக் குழாய் அடைச்சுக்கும். அதை நாங்க எலிக்கு வர வைக்கிறோம். ...ஆமாண்ணா, வேணும்னேதான். மயக்க மருந்து குடுத்து, குழாயை அடைச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்து விட்டு... அப்படிப் பாக்காதீங்க, அனுமதியெல்லாம் வாங்கித்தான். எங்க மாமியார் கல்யாண வீட்டுல என்னை அறிமுகப்படுத்தற அழகைப் பாக்கணுமே. "இது என் மருமக, எலிக்கெல்லாம் வாதம் வர வைக்கிறா." ஏதோ பில்லி சூனியம் வைக்கிறவ மாதிரி! பக்கத்துல இருக்கறவங்க நாற்காலியை நகத்திப் போட்டுக்குவாங்க.

இந்த மூளை இருக்கே, அது ரொம்பப் பிகு பண்ணிக்கும். ரத்தத்துல வர்றது எதுவும் அதுக்குள்ள சும்மா நுழைய முடியாது. அங்க மட்டும் குழாய்ச் சுவத்துல செல்லுங்க தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நெருக்கமா நிக்கும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு தடுப்பு. வாதம் வந்துச்சுன்னு வைங்க, மூளை அலறும், "ரத்தம் வரல, புதுக் குழாய் போடு"ன்னு. அதுக்கு ஒரு சிக்னல். வளர்ச்சிக் காரணின்னு பேரு. பேரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அது வந்த உடனே என்ன பண்ணும்? நெருக்கமா நிக்கிற செல்லுங்களை எல்லாம் தள்ளித் தள்ளி நிக்க வச்சிடும். வீடு எரியறப்போ இன்னொரு ரூம் கட்டறேன்னு ஒருத்தன் சுவத்தை இடிச்சா என்ன சொல்லுவீங்க? அந்தக் கதைதான். ரத்தத்துல இருக்கற தண்ணி உள்ள எறங்கி, மூளை வீங்கிடும். அதே ஆசாமி ரெண்டு மூணு வாரம் கழிச்சு வந்தான்னா நல்ல கொத்தனார். ஒழுங்காப் புதுக் குழாய் கட்டிக் குடுப்பான். வர்ற நேரந்தான் சரியில்ல, எங்க வீட்டுக்காரர் மாதிரி.

சிரிக்கிறீங்க. எங்க மாமனாருக்கு இப்படித்தான் ஆச்சு. அடைப்பை எடுத்துட்டாங்க, பொழைச்சுட்டாருன்னு நர்சுக்கெல்லாம் ஸ்வீட் கூட வாங்கிக் குடுத்தோம். அப்புறந்தான் வீங்கிச்சு. இப்போ அவருக்கு மிச்சம் ஒரே ஒரு வார்த்தை. அதுவும் கெட்ட வார்த்தை! பசிச்சாலும் அதான், தூக்கம் வந்தாலும் அதான், மாமியார் எதிர்ல வந்தாலும் அதான். மாமியார் எதிர்ல மட்டும் கொஞ்சம் தெளிவா வரும். ...நாங்களும் சிரிப்போம்ணா. வேற என்ன பண்ண? ஆனா அந்த மனுஷன், நான் கல்யாணம் ஆகி வந்த புதுசுல, மழை பேஞ்சா பஸ் ஸ்டாப் வரைக்கும் எனக்குக் குடை புடிச்சுக்கிட்டு வருவாரு. வழி பூராவும் பேச்சு, பேச்சு, பேச்சு. எனக்கு அவரைத்தான் அந்த வீட்டுல ரொம்பப் புடிக்கும். அதுக்காகத்தான் இந்த எலியைக் கட்டிக்கிட்டு அழுவறேன். அந்தச் சிக்னலோட வாயை மொத நாளு மட்டும் பொத்தி வைக்க ஒரு மருந்து. அவருக்கு இனிமே உதவாது. வேற யாரோட மாமனாருக்காவது...

சரி, எங்க விட்டேன்? ஆங், மொத ரவுண்டு. அது நான் பண்ணது. பாதி எலிக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புத் தண்ணி. எது எதுன்னு என்கிட்ட சொல்ல மாட்டாங்க. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சுடுமாம். கூண்டுல ஒரு சிவப்புச் சீட்டு இல்லேன்னா பச்சைச் சீட்டு, அவ்வளவுதான். மறுநாள் ரத்தத்துல நீலச் சாயம் ஏத்திப் பாக்கணும். தடுப்பு ஒழுங்கா இருந்தா சாயம் மூளைக்குள்ள போகாது. மூளையை வெட்டிப் பாத்தா... அண்ணா! சிவப்புச் சீட்டெல்லாம் முள்ளங்கி மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்கு. பச்சைச் சீட்டு, நீலத்துல முக்கி எடுத்த துணி! புரொபசர் அப்புறந்தான் ரகசியத்தைச் சொல்றாரு, சிவப்புதான் மருந்துன்னு. நான் அங்கயே அழுதுட்டேன். புரொபசர் சிரிச்சாரு. அவருக்குப் பல்லு இருக்குன்னே அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது.

ஆனா எங்க தொழில்ல, ஒருத்தர் பண்ணா போதாது. இன்னொருத்தர் பண்ணாலும் அதே வரணும். தூக்கிக் குடுத்தாங்க சந்தேகத்துகிட்ட. வந்துச்சு பாருங்க ரிசல்ட்டு! சிவப்புலயும் பாதி வெள்ளை, பாதி நீலம். பச்சையிலயும் அதே மாதிரி பாதிக்குப் பாதி. மருந்தும் உப்புத் தண்ணியும் ஒண்ணாம்! அவளுக்குக் கை சரியில்லண்ணா. நான் புரொபசர்கிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். இன்னைக்கு மத்தியானம் மீட்டிங், அவளை வேலையை விட்டே எடுத்துடப் போறாரு. ...பாவந்தான். வீட்டுல அம்மாகிட்ட கூட இன்னும் சொல்லலையாம். அதுக்காக என்ன பண்ண முடியும்? பாவம் பாத்தா மருந்து பொய்யாயிடுமே.

அவ வேலை செய்யற லட்சணத்தை நீங்க பாக்கணும். நான் எப்படி வச்சிருந்தேன்? சிவப்பெல்லாம் மேல் தட்டு, பச்சையெல்லாம் கீழ்த் தட்டு. உள்ள வந்தா பளிச்சுன்னு இருக்கும். இந்த மகராசி என்னடான்னா சீட்டுக் குலுக்கிப் போட்டு மேலயும் கீழயுமா கலந்து வச்சிருக்கா! சந்தைக் கடை மாதிரி. கேட்டா, "முறைப்படி அப்படித்தான்க்கா வைக்கணும்"ங்கறா. எனக்கே முறை சொல்றா!

அதோட சூடு பாக்கற பைத்தியம் வேற. ...அதுல விஷயம் இருக்கு, இல்லேங்கல. அடிபட்ட மூளை குளுந்து இருந்தா சேதம் கம்மி, கசிவும் கம்மி. அதனாலதான் எலிங்களை எல்லாம் ஒரே வெதுவெதுப்புல வைக்கணும். இல்லேன்னா மருந்து காப்பாத்திச்சா, குளுரு காப்பாத்திச்சான்னு தெரியாமப் போயிடும். எனக்குத் தெரியாதா? புதுசா வர்றவங்களுக்கெல்லாம் இந்தப் பாடத்தை எடுக்கறதே நான்தான்.

என்னண்ணா? ...அட்டையா? எந்த அட்டை? ...ஓ, அதுவா. அது நான் ஒட்டினது. நாள் பூரா அந்த மேசையில உக்காந்து எலியைப் பாத்துக்கிட்டே இருக்கணும், காத்து நேரா வந்து என் கழுத்துல அடிக்குது. கழுத்து புடிச்சுக்கிட்டு, யாராவது கூப்பிட்டா உடம்போட சேத்துத் திரும்பினேன். அதான் மொத ரவுண்டு ஆரம்பிச்சப்பவே ஒரு அட்டையை வச்சு டேப் போட்டுக் காத்தைத் திருப்பி விட்டேன். ...எந்தப் பக்கமா? இப்படி, அலமாரி பக்கம். மேல... மேல் தட்டுக்கு நேரா.

...

அண்ணா, ஒரு நிமிஷம். அந்த மேல் தட்டுல கையை நீட்டுங்க. ...ஜில்லுன்னு இருக்கா? ...கீழ? ...கீழ இல்லையா?

ஐயய்யோ.

இருங்க இருங்க. மொத ரவுண்டுல மேல இருந்தது... எல்லாம் சிவப்பு. ரெண்டாவது ரவுண்டுல மேல சிவப்பும் உண்டு, பச்சையும் உண்டு. வெள்ளையா வந்ததெல்லாம் மேல் தட்டுல இருந்ததுங்கதான்... ஐயோ, அந்தப் பொண்ணு சரியாத்தாண்ணா பண்ணியிருக்கா. மருந்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் எலிக்கு ஏசி போட்டுக் காப்பாத்தியிருக்கேன்! புரொபசர் பல்லைக் காட்டினது என் அட்டையைப் பாத்து!

அண்ணா... உங்க ரிப்போர்ட்டுல ஏசி கோளாறுன்னு ஒரு வார்த்தை போட்டுடுங்களேன். அட்டையெல்லாம் எதுக்கு? மெஷின் மேல பழி போட்டா மெஷினுக்கு என்ன மானமா போயிடப் போகுது? ...ஏன் எறங்கறீங்க? முடிஞ்சுதா? அட்டையை எடுத்ததோட ரிப்பேரே முடிஞ்சுதா? ...இதை ஏன் என் கையில குடுக்கறீங்க? அண்ணா! ஒரு வார்த்தைண்ணா! ...போயிட்டாரு. இவ்ளோ நேரம் காது குடுத்த மனுஷன், வாய் குடுக்க மாட்டேங்கறாரு.

...வாம்மா. ஏசியா? ஆங், பாத்துட்டுப் போயிட்டாரு. ...அது என்ன டப்பா? ...உன் சாமானா? மீட்டிங்கே இன்னும் நடக்கல, அதுக்குள்ள எதுக்குடி கட்டி வச்சே? ...கீழ வை. ...வைன்னா வைக்கணும்.

நான் புரொபசர்கிட்ட போறேன், நீயும் வா. ...என்னத்தச் சொல்லப் போறேனா? மருந்து வேலை செய்யல. நான் ஒட்டின அட்டைதான் வேலை செஞ்சுது. இதோ, இதுதான். உன் கையில ஒரு குத்தமும் இல்ல, நீ கலந்து வச்சதுதான் முறை. எனக்கு வயிறு எரியுது, ஆனா அதான் உண்மை. ...ஏய், அழாத. ...அழலையா? சிரிக்கிறியா!

...சரி, சிரிச்சுக்கோ. இங்கயே நல்லாச் சிரிச்சு முடிச்சுடு. அங்க வந்து சிரிச்சேன்னா நான் அழுதுடுவேன்.