தகரக் கோபுரத்தில் ஒரு குரல்

மழைக்காலத்தில் கணினியை அணைத்தால் மட்டும் போதாது, மேடம். ப்ளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். இந்த போலீஸ் ஸ்டேஷன் மூலையில் இருக்கும் கணினி எப்போதும் சொருகியபடியே கிடக்கிறது. யாராவது சொல்ல வேண்டும் அல்லவா, அதனால் சொல்கிறேன்.

இதுபோன்ற விஷயங்களைப் பேசத்தான் நாங்கள் அந்த வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தோம். பெயரே ‘சும்மா பேசலாம்’ என்பதுதான். நான்தான் தொடங்கினேன். திருத்துறைப்பூண்டி, நாகப்பட்டினம், கீழ்வேளூர் என்று சுற்றுவட்டாரத்து ஆட்கள் சேர்ந்தார்கள். எந்த போன் வாங்கலாம், ஆபீஸ் பிரிண்டர் ஏன் காகிதத்தைக் கடித்துத் துப்புகிறது, புதிதாக வந்த கேம் நம்முடைய பழைய கணினியில் ஓடுமா, இப்படித்தான் பேச்சு போகும். அரசியல் கிடையாது, சாதி மதம் கிடையாது. ஒரு கெட்ட வார்த்தை விழ நான் விட்டதில்லை. அரிசி மில் ஒன்றில் எல்லாக் கணினிகளையும் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அங்கே என்னை யாரும் தேடுவது ஏதாவது பழுதானால் மட்டும்தான். குழுவில் காலையில் எழுந்ததும் தேடுவார்கள். ‘ரகு அண்ணே இருக்கீங்களா’ என்று கேட்பார்கள். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கும்.

ஜோசப்ராஜ் பிறகு வந்தவன். நாகப்பட்டினத்துக்காரன், பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். மனைவி அனிட்டா நர்ஸ். அவன் வந்த பிறகு குழுவில் சிரிப்பு அதிகமானது. நானும் சிரித்தேன். வாரக்கடைசியில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஆன்லைனில் ஒரு துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவோம். காதில் மைக் மாட்டிக்கொண்டு பேசியபடியே ஆடுவது. அவன் நன்றாக ஆடுவான். யாராவது மாட்டிக்கொண்டால் திரும்பி ஓடி வருவான். அவனிடம் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

போன தீபாவளி விடுமுறையில் ஒருநாள் ஆடிக்கொண்டிருந்தோம். மற்றவர்கள் மலைப்பக்கம் ஏறிவிட்டார்கள். நான் ஒரு வீட்டுக்குள் தனியாக மாட்டிக்கொண்டேன். படிக்கட்டில் எதிரிகளின் காலடிச் சத்தம் கேட்டது. அப்போது நான், “டேய், என்ன விட்டுட்டுப் போயிடாதீங்கடா, பயமா இருக்குடா” என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அது விளையாட்டு என்று எனக்குத் தெரியும். ஆனால் குரல் விளையாட்டாக இல்லை. அழுகிற குரல். நாற்பது வயது தாண்டியவன் குரல்.

ஜோசப்ராஜ் அதை வெட்டி எடுத்து, கேமில் என் பொம்மை குண்டு பட்டு விழும் காட்சியோடு குழுவில் போட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். அத்தோடு போயிருந்தால் நாம் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம்.

போகவில்லை. கல்லூரி ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் சுமையா என்ற பெண் அதிலிருந்து குரலை மட்டும் பிரித்துச் சின்ன ஆடியோவாக்கினாள். ஏதோ கம்பெனி பழைய போனுக்கு அப்டேட்டை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்தால், கீழே என் குரல். ஒருவனுடைய ஆபீஸில் இன்டர்நெட் போய்விட்டால், என் குரல். ஒருவன் அதை அலாரமாக வைத்திருப்பதாகச் சொன்னான். அப்புறம் அது குழுவை விட்டு வெளியே போனது. மில்லில் கணக்குப் பிரிவுப் பையன் நான் கூப்பிட்டால் அது அடிக்கும்படி வைத்துக்கொண்டான். வாட்ச்மேன் நாகநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அதிலிருந்து ‘ரகு அண்ணே இருக்கீங்களா’ என்று யார் கேட்டாலும் பின்னால் அது வரும்.

ஒருநாள் என் பெண் ஸ்ம்ருதி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். அவள் வகுப்புப் பையன் ஒருவன் அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறான். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே கேட்டாள். “அப்பா, இது நீதானே?”

இல்லை என்று சொன்னேன். அவள் சரி என்று உள்ளே போய்விட்டாள். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் பேயைப் பற்றியோ பரீட்சையைப் பற்றியோ பயமாக இருக்கிறது என்று என்னிடம் வந்து சொல்வதை நிறுத்திவிட்டாள். அம்மாவிடம் போய்ச் சொல்வாள்.

ஜோசப்ராஜ் நல்லவன் என்றேன் அல்லவா. அவனே ஒருநாள் போன் செய்தான். “அண்ணே, அந்த க்ளிப்பு உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்தா சொல்லுங்க. எல்லார்கிட்டயும் அதத் தூக்கச் சொல்லிடுறேன். நான் சும்மா ஒரு ஆசையிலதான் போட்டேன்” என்றான். நான் சே, என்னப்பா, ஜாலிதானே என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? கஷ்டமாக இருக்கிறது என்று சொன்னால் அதுவும் அந்தக் குரலில்தானே வரும்.

அதன்பிறகு நிதானமாக யோசித்தேன். நீக்குவது தீர்வு இல்லை. ஒருமுறை வெளியே போன கோப்பு திரும்பி வராது. அதற்குச் சமமாக இன்னொரு கோப்பு வேண்டும். ஜோசப்ராஜ் பயப்படும் குரல் ஒன்று. அவன் கெஞ்சுவதை எல்லாரும் கேட்டால் கணக்கு நேராகிவிடும், இருவரும் சேர்ந்து சிரிக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவன் உயிர் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மில்லை ஒருநாள் காட்டுங்கண்ணே என்று அவன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நெல் காய்வது, கொட்டுவது, இறங்குவது எல்லாம் ஒரு அறைக்குள்ளிருந்து கணினித் திரையில் நடக்கிறது என்றால் அவனுக்கு ஆசையாக இருந்தது. ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். அன்று லோடு கிடையாது. நாகநாதன் சாப்பிட வீட்டுக்குப் போகும் நேரம் எனக்குத் தெரியும். ஜோசப்ராஜ் சர்ச்சில் பூசை முடித்து வெள்ளைச் சட்டையோடு பைக்கில் வந்தான். கையில் ஒரு டப்பா. “அனிட்டா செஞ்சா. அண்ணி முட்டை சாப்பிட மாட்டாங்கன்னு முட்டை போடாத கேக்குண்ணே” என்று என் மேஜைமேல் வைத்தான்.

சைலோ என்றால் நீங்கள் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். நெல்லைக் கொட்டி வைக்கும் தகரக் கோபுரம். மேலே ஆள் இறங்க ஒரு வாய் இருக்கும். அடியில் ஒரு கதவு. அதை என் அறையிலிருந்தே திறக்கலாம், மூடலாம். உள்ளே கூரையிலிருந்து ஒரு சென்சார் தொங்கும், நெல் எவ்வளவு இருக்கிறது என்று திரைக்குச் சொல்ல. அதில் தூசி படிந்து தவறான அளவு காட்டுகிறது, துடைத்துவிட்டால் நான் கீழே திரையில் சரிபார்ப்பேன் என்றேன். அவன் உடனே ஏணிக்குப் போனான். உள்ளே யாராவது இறங்கினால் அடிக்கதவைப் பூட்ட வேண்டும், இடுப்பில் கயிறு கட்ட வேண்டும். அந்த விதிகளைத் தமிழில் எழுதி, அச்சடித்து, ஏணி அருகே ஒட்டியவனே நான்தான். அவன் அதை நின்று படித்தான். கதவு பூட்டியாயிற்று, கயிறு தேவையில்லை என்றேன். நம்பினான். மேலே ஏறி, வாய் வழியாக நெல்மேல் இறங்கினான்.

அறைக்கு வந்து திரையில் கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். அடியில் நெல் இறங்கினால் மேலே நிற்பவன் கால் புதையும். சேற்றில் நடவு நடுகிறவர்களுக்குப் புதைவது போல என்று நினைக்காதீர்கள். இது விடாது. அசைய அசைய உள்ளே இழுக்கும். எனக்கு அவனை அழைத்து, பேசுவதைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. அவனே முந்திக்கொண்டு போன் செய்தான்.

“அண்ணே, அடிக்கதவு தொறந்திருக்கு போல. முழங்கால் வரைக்கும் போயிடுச்சு. மூடுங்க.”

பார்க்கிறேன் என்றேன். பதிவை ஓடவிட்டேன். அவன் சிரித்தான். தன்னுடைய எடை கூடிவிட்டது என்று அனிட்டா சொல்வது உண்மைதான் என்றான். இடுப்பு வரை போனதும் சிரிப்பை நிறுத்தினான். ஆனால் கத்தவில்லை. “அண்ணே, விளையாடாதீங்க. மூடிட்டு யாரையாவது கூப்பிடுங்க” என்று மெதுவாகச் சொன்னான், ஏதோ எனக்குத்தான் பதற்றம் வரக்கூடாது என்பதுபோல. அந்தப் பேச்சில் நான் பயன்படுத்தக்கூடியது ஒன்றுமே இல்லை.

மார்பு வரை போனதும் கதவை மூடினேன். மூடினேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தகரத்துக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் குரல் தெளிவாக இல்லை. அதனால் பதிவை நிறுத்தாமல் போனை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

வாய் வழியாக வெயில் அவன்மேல் விழுந்துகொண்டிருந்தது. கைகள் மட்டும் வெளியே. முகமெல்லாம் உமித்தூசி. என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் நிம்மதி வந்ததை நான் மறைக்க விரும்பவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று விளக்கிச் சொன்னேன். ‘என்ன விட்டுட்டுப் போயிடாதீங்க, பயமா இருக்கு’ என்று ஒருமுறை சொன்னால் போதும் என்றேன். 

“அதுக்காகவாண்ணே?” என்றான். பிறகு, சொல்கிறேன் என்று சொல்லி, சொல்லவும் செய்தான். உடனே, முழுதாக. நெல் மார்பை அழுத்தியதால் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னான்.

ஆனால் அது ஒப்பித்ததுபோல் இருந்தது. எழுதிக்கொடுத்ததைப் படிப்பதுபோல. அதைப் போட்டால் ஜோசப்ராஜ் நன்றாக நடிக்கிறான் என்று குழுவில் கைதட்டுவார்கள். மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னான். இன்னும் மோசமாக இருந்தது. அவனுக்கு என்மேல் பயமே இல்லை, மேடம். பாவம் என்று நினைக்கிறான் என்று தோன்றியது.

அங்கே ஒரு நீளக் கம்பி எப்போதும் சாய்த்து வைத்திருக்கும். நெல் கட்டிப்பட்டு நின்றுவிட்டால் குத்தி உடைப்பதற்கு. அதை எடுத்து உள்ளே நீட்டினேன். அவன் தன்னைத் தூக்கத்தான் நீட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். இரண்டு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, “அப்படித்தாண்ணே, மெதுவா இழுங்க” என்றான். அவன் கையிலிருந்து அதை விடுவிக்கவே எனக்குச் சிரமமாக இருந்தது.

முதலில் தோளில் குத்தினேன். அப்போது கத்தினான். ஆனால் அது வெறும் சத்தம், அதில் வார்த்தை இல்லை. வார்த்தையாகச் சொல் என்றேன். கையை உயர்த்தி மறைத்தான். கையில் குத்தினேன். பிறகு கழுத்துப்பக்கம், முகத்தில். எத்தனை தடவை என்று நேற்று கேட்டீர்கள். எண்ணவில்லை. கம்பி ஒவ்வொரு தடவையும் நெல்லுக்குள் இறங்குவதுபோலவே இறங்கியது, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வாய்க்குள் நெல் போய்விட்டதால் அவன் பிற்பாடு பேசவில்லை. வெள்ளைச் சட்டையின் காலர் கொஞ்ச நேரம் தெரிந்தது. சுற்றியிருந்த நெல் சிவந்து, பிறகு கறுத்தது. காய்ந்த நெல் ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும்.

கீழே வந்து கதவை மறுபடி திறந்தேன். திரையில் அளவு இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சென்சார் சரியாகத்தான் வேலை செய்தது. கை கழுவிக்கொண்டு கேக் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

மதியத்துக்கு மேல் அனிட்டா போன் செய்தாள். கிளம்பிவிட்டானே என்றேன். “அப்படிங்களாண்ணே, சரிங்க, வந்துடுவாரு” என்று வைத்துவிட்டாள். அவன் பைக் மில் வாசலிலேயே நின்றது. அதை நான் ஒளிக்கவில்லை. மறுநாள் அடிக்கதவில் நெல் இறங்காமல் அடைத்துக்கொண்டபோது நாகநாதன்தான் குனிந்து பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் ரோட்டில் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். விபத்து என்று சொன்னேன். நீங்கள் வந்து என் போனைக் கேட்டீர்கள். கொடுத்தேன். பதிவை நான் அழிக்கவில்லை. எந்தக் கோப்பையும் அழிப்பது என் வழக்கம் இல்லை.

ஆகவே நீங்கள் எழுதியிருப்பது சரி. ஜோசப்ராஜைச் சைலோவுக்குள் இறக்கியது நான். கதவைத் திறந்தது நான். கம்பியால் குத்திக் கொன்றது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு இடத்தை மட்டும் திருத்த வேண்டும்.

நேற்று அந்தப் பதிவை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். முழுதும் கேட்டேன். கடைசிப் பகுதியில், ஜோசப்ராஜ் பேச முடியாமல் போன பிறகு, வெகுநேரம் ஒரே ஒரு குரல் மட்டும் கேட்கிறது. ‘சொல்லுடா, ஒரு தடவை சொல்லுடா, உன் கால்ல விழுறேன்டா, எல்லாரும் சிரிக்கிறாங்கடா’ என்று அது தேம்பித் தேம்பி அழுகிறது. அந்தக் குரல் என்னுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். தகரத்துக்குள் எதிரொலி அதிகம் மேடம், யாருக்கும் குழப்பம் வரும். நான் இத்தனை வருஷமாகக் கணினியோடு பழகியவன், ஒலி விஷயம் எனக்குத் தெரியும். அது அவன் குரல்தான். அவன்தான் கெஞ்சினான்.