முதுகில் எழுத்தில்லாத பை

நூல் பிசகினால் நொடியில் கண்டுகொள்ளும் நுண்மதியே! கோணல் தையலின் கொடும்பகையே! பிரித்துத் தை, பிரித்துத் தை என்று பிடிவாதமாய்ச் சொல்லியே எங்களைப் பிழையறத் தைக்க வைத்த பெருந்தகையே! எங்கள் கத்திரி அக்கா அவர்களே! வணக்கம்!

பள்ளிப் பைகள் தைக்கும் இக்கூடத்தின் சோதனை மேசையில், கழுத்தில் கத்திரிக்கோல் ஊசலாட, முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றினீர்கள். உங்கள் கைக்குப் பை போனாலே வாரை இழுத்துப் பார்ப்பீர்கள். "இந்த வார் ரெண்டு நாள் தாங்குமா? புள்ள பாதி வழியில புத்தகத்தைப் பொறுக்கிட்டு நிக்கணுமா?" என்பீர்கள். உடனே பிரித்துத் தைப்போம். திட்டிய வாயாலேயே "சாப்டீங்களா?" என்றும் கேட்டுவிடுவதால், உங்கள்மேல் கோபப்படவும் எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை!

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், கடையில் ஒரு பை விற்றால் வாங்க வழியில்லாத குழந்தைக்கு இன்னொரு பை என்று நம் முதலாளி அறிவித்தார். நல்ல மனம்தான், யார் இல்லை என்றது? ஆனால் கொடுக்கும் பையின் வெளிப்பக்கத்தில் மட்டும் சாண் அகல எழுத்தில் 'அன்பளிப்பு' என்று அச்சடிக்கச் செய்தார். முதல் தவணைப் பைகளைக் கொடுத்த பள்ளிக்கு ஒரு மாலை நீங்கள் போனீர்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் பையை முதுகில் மாட்டாமல், எழுத்து மறைய வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடினார்கள். ஏனென்று கேட்டதற்கு ஒரு சிறுமி, "எல்லாரும் சத்தமா வாசிக்கிறாங்க, ஆன்ட்டி" என்றாள்.

மறுநாள் அடுத்த தவணையாக, அச்சடித்த முந்நூறு பைகள் உங்கள் மேசைக்கு வந்தன. முந்நூற்றையும் தள்ளிவிட்டீர்கள்! ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: 'வெளிப்பக்கம் கறை.' முதலாளி குதித்துக்கொண்டு வந்தார்.

"எங்கேம்மா கறை?"

அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தீர்கள். கூடத்துத் தையல் இயந்திரங்கள் அத்தனையும் நின்றன.

"அது நம்ம விளம்பரம். பாஸ் பண்ணுங்க, இல்லன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

வீட்டில் படுத்த படுக்கையாய்க் கணவர், கல்லூரியில் மகன். உங்கள் நிலை எங்களுக்குத் தெரியும். நீங்களோ, "வரல முதலாளி. ஆனா இதை மாட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் ஒருதரம் நடந்துட்டு வாங்க. அப்புறம் நானே பாஸ் போடுறேன்" என்றீர்கள். வீம்புக்கு மாட்டினார். பத்தடி நடந்திருப்பார், நாற்பது ஜோடிக் கண்களும் அவர் முதுகை வாசித்தன. காது சிவக்கக் கழற்றி வைத்து, "பிரிச்சிடுங்க" என்றார்.

பிரித்தோம்! முந்நூறு பைக்கும் வெளித்துணி மாற்றினோம். விரல் வீங்கி, உங்களை மனசார வைததும் உண்டு, இன்று ஒப்புக்கொள்கிறோம். அன்றுமுதல் விற்கும் பைக்கும் கொடுக்கும் பைக்கும் ஒரே துணி, ஒரே நூல், ஒரே குவியல். எது எங்கே போகும் என்று தைத்த எங்களுக்கே தெரியாது.

ஆனால் ஒரு மாதமாக உங்கள் முகமே சரியில்லை. விளம்பரக்காரர்கள் இரண்டு முறை வந்துபோனதிலிருந்து, "நான் போனதும் மறுபடியும் எழுதிடுவாங்க, பாருங்க" என்று தேநீர் இடைவேளைதோறும் புலம்பினீர்கள். ஓய்வுபெறும் மகிழ்ச்சியை அந்தக் கவலை தின்றுவிட்டது.

ஆகவே, அன்பின் அக்கா, நேற்று நீங்கள் மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தபோது நடந்ததைக் கேளுங்கள். முதலாளி தம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார், பள்ளியில் சேர்கிறாளாம். தனியாக ஒன்று தைத்துத் தருகிறோம் என்றோம். வேண்டாமென்று, குவியலில் மேலாகக் கிடந்த பையை எடுத்து அவள் தோளில் மாட்டினார்.

"இது விக்கிறதா, குடுக்கிறதா?"

"தெரியாதுங்க."

சிரித்தார். "இனிமே எழுதணும்னா இவ முதுகுலயும்தான் எழுதணும். விளம்பரக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். கத்திரி அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க, எனக்குக் கூச்சமா இருக்கு."

சொல்லிவிட்டோம், அக்கா! கண் மங்காமல், கால் நோகாமல், கவலை அண்டாமல், கணவரும் மகனும் அருகிருக்க நெடுங்காலம் நிறைவாக வாழுங்கள்! நிம்மதியாகப் போய் வாருங்கள்!

இங்ஙனம்,
உங்களிடம் திட்டு வாங்கியே தேர்ந்த
தையல் கூடத்துப் பணியாளர்கள் நாற்பதின்மர்