கடலுக்கு ஜுரம்

எல் நினோ என்பது புதிதாக வந்த வெளிநாட்டு கூல்டிரிங்க் என்று நம்பி, திருப்பதி பஸ் ஸ்டாண்டு கடையில் "ஜில்லுனு ஒண்ணு குடுங்க" என்று கேட்டவன் நான். அதனால், வெதுருகுப்பத்தில் ஏறிய பஸ்ஸில் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் கவனித்தேன். முன் சீட்டில் ஓர் அக்கா, காலடியில் விதைக்கடலை மூட்டை. பக்கத்தில் அவள் தம்பி, கடல் ஆராய்ச்சிக் கப்பலில் சமையல்காரன்.

"பசிபிக் கடலுக்கு ஜுரம்க்கா."

"கடலுக்கு எவன்டா தெர்மாமீட்டர் வச்சான்?"

"மெய்யாத்தான். மெதவையில கட்டி வுட்டுக்கீறாங்க. சூடு எவ்ளோன்னு அதுவே சேதி அனுப்பும். அந்தச் சூடுதான் எல் நினோ. அதான் ஆடி மழை ஏமாத்திடுச்சு."

"அதுக்குத்தான் வெதைய வித்துட்டு பெங்களூருக்கு சித்தாள் வேலைக்குப் போறேன்."

"அவசரப்படாதக்கா. அதே சூடு வந்தா நம்ம பக்கம் ஐப்பசி மழை அநேகமா ஜாஸ்தியாப் பேயுமாம். கப்பல்ல சயின்டிஸ்டுங்க பேசிக்கினாங்க."

"பேயலன்னா?"

"நானே உன்ன பெங்களூரு பஸ் ஏத்தி வுடறேன்."

அக்கா மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு கண்டக்டரிடம் கத்தினாள்: "ஆபண்டி! வண்டிய நிறுத்துங்க! நாங்க எறங்கி ஊருக்கே திரும்பறோம்."

இறங்கும்போது என் பக்கம் திரும்பினாள்.

"யோவ், இவ்ளோ நேரம் ஒட்டுக் கேட்டுக்கினு வந்தியே, மூட்டைக்கு ஒரு கை குடு."