முட்டி போட்ட படம்

ராத்திரி மணி பன்னெண்டே முக்கால். லாயாங் லாயாங் ஸ்டேஷன்லருந்து எஸ்டேட்டுக்குப் போற செம்மண் ரோடு... ரெண்டு பக்கமும் ரப்பர் மரம். நெலா கெடையாது. அந்த ரோட்டுல ஒருத்தன் தனியா, கக்கத்துல கண்ணாடி போட்ட ஒரு படத்தை இடுக்கிட்டுப் போறான்.

டேய் யஹ்யா, சிரிக்காதே. நீ இப்ப சொன்னியே, 'தோத்தாங்கோளி லெட்சுமணன்'னு... அந்த வார்த்தைக்காகத்தான் இந்தக் கதையே. மீரா சாகிபு நானா, உங்க கடைக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க, சாரல் அடிக்குது. மழை விடுற வரைக்கும் ஒருத்தனும் வீட்டுக்குப் போகப்போறதில்ல. கிட்ட வந்து உக்காருங்க.

நான் கண்ணால பாத்தது இல்ல. என்கூட ரயில் ரோட்டுல தண்டவாளக் கட்டை மாத்துற தங்கராஜு இருக்கான்ல, அவனோட தாய்மாமன் அய்யாவுக்கு நடந்தது. மூணு வருசம் ஆச்சு. அய்யாவு பெரிய மனுசன்தான், ஆனா நான் அவன் இவன்னுதான் சொல்லுவேன். ஏன்னு கடைசில உங்களுக்கே தெரியும்.

மொதல்ல லெட்சுமணன் யாருன்னு சொல்லிடறேன். உங்களுக்குத்தான் ஒரு மண்ணும் தெரியாதே. பகல்ல பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிற ஆளு. கையில குத்துச்சண்டை கிளவுஸை மாட்டுனா... நாப்பது ஆட்டம்டா! மூவார்ல, பத்து பகாட்ல, ஜோகூர்பாருல, அக்கரை போயி சிங்கப்பூர்ல. பதினாலு வருசத்துல அவரு முட்டி ஒரு தடவைகூடத் தரையில பட்டதில்ல. பட்டாளத்து வெள்ளைக்காரன் ஒருத்தனை ரெண்டாவது ரவுண்டுலயே நாலு பேரு தூக்கிட்டுப் போனானுங்க. அன்னிக்கு நம்ம சனம் லெட்சுமணனைத் தோள்ல வெச்சு, தப்படிச்சுக் கூட்டிட்டு வந்துச்சு.

அப்புறம் வயசு முப்பத்தெட்டாச்சு. ரப்பர் வெல விழுந்துச்சு, எஸ்டேட்டுல ஆள் கொறைச்சானுங்க. வேற பொழப்பு இல்லாம மறுபடி ரிங்குல ஏறுனாரு. மூணு ஆட்டம் தோத்தாரு. நாப்பது ஜெயிச்சவன், மூணு தோத்தான். இந்த ஊரு எதை ஞாபகம் வெச்சுது? சொல்லுங்கடா, எதை? வயிறு எரியுது எனக்கு.

அந்தக் கடைசி ஆட்டம் ஜோகூர்பாருல. அய்யாவுதான் எப்பவும் அவரோட மூலையில நிக்கிற ஆளு. நல்லெண்ணெயில கற்பூரம் போட்டுக் காய்ச்சி ஒடம்புல தேய்ச்சு விடுவான். தண்ணி குடுப்பான். இனிமே தாங்காதுன்னு பட்டா, துண்டை உள்ள வீசி ஆட்டத்தை நிறுத்துற உரிமையும் அவனுக்குத்தான். ஆறாவது ரவுண்டு. எதிர்ல இருபது வயசுப் பையன். தாடையில ஒண்ணு விட்டான்... லெட்சுமணன் ஒத்த முட்டி போட்டாரு.

நடுவர் எண்ணுறாரு. பத்து எண்ணி முடிக்கிறதுக்குள்ள எந்திரிச்சிட்டா ஆட்டம் தொடரும். கூட்டம் சிரிக்குது. நம்ம ஆளுங்கதான், வேற யாரு? கச்சான் கடலைத் தோலை அள்ளி வீசுறானுங்க. எட்டு எண்ணியாச்சு... அப்பப் பாத்து அய்யாவு துண்டை வீசிட்டான். முடிஞ்சு போச்சு. அதே நேரத்துல பேப்பர்காரன் ஒருத்தன் 'பளிச்'சுன்னு படம் புடிச்சான். நாப்பது தடவை ஜெயிச்சப்ப எந்தப் பயலும் படம் எடுக்க வரல. முட்டி போட்டப்ப வந்தான்.

அதுக்கப்புறம் ரெண்டு வருசம் இருந்தாரு. எஸ்டேட்டு லயத்து வீடுகள்ல சின்னப் பசங்ககூட அவரு போற வழியில ஒத்த முட்டி போட்டு, 'எட்டு... எட்டு'ன்னு கத்துவானுங்க. ஒருத்தனையும் அவரு திட்டுனதில்ல. குளிர்காச்சல்ல போயிட்டாரு.

பதினாறாம் நாள் கருமாதிக்குப் படம் வெச்சுக் கும்பிடணும்னு லயத்துல பேச்சு. படத்துக்கு எங்க போறது? மொத்த ஒலகத்துலயும் அவரு படம் ஒண்ணே ஒண்ணுதான்... அந்தப் பேப்பர்ல வந்தது. அய்யாவு அதை வெட்டி வெச்சிருந்தான். குளுவாங் டவுனுக்குக் கொண்டுபோயி, பெருசாக்கி, சட்டம் போட்டு எடுத்துட்டு வாரேன்னு கெளம்பிட்டான்.

பேச்சியம்மா, லெட்சுமணன் பொஞ்சாதி, வாசல்ல நின்னு கேட்டுச்சு. "எம் புருசன் முட்டி போட்ட படத்துக்கா நான் மாலை போடணும்? வெறும் செங்கல்லை வெச்சுக் கும்புட்டுக்கிறேன், போ."

"இருக்கிறதே இது ஒண்ணுதான் அண்ணி. பூவைக் கொஞ்சம் கீழ எறக்கிப் போட்டா முட்டி தெரியாது."

முட்டி தெரியாதாம்! கேட்டீங்களா ஞாயத்தை?

அன்னிக்கு ராத்திரி ரயில்ல வந்து எறங்குனான். விடிஞ்சா கருமாதி, அதுக்குள்ள படம் போயிச் சேரணும். மூணு மைல். கையில அரிக்கேன் வெளக்கு. காஞ்ச எலை காலடியில நொறுங்குது. எங்கயோ ரப்பர் கொட்டை வெடிக்குது... பட். கொஞ்ச நேரம் கழிச்சு... பட்.

ஒரு மைல் போயிருப்பான். வாடை வந்துச்சு. நல்லெண்ணெய்... கற்பூரம். பதினாலு வருசம் தன் கையால காய்ச்சுன எண்ணெய், தெரியாதா? நின்னான். மோந்து பாத்தான். வேர்வையும் சேந்து அடிக்குது.

நடந்தான். பின்னால மூச்சு. வாயால இல்ல, மூக்கால... ஹுஸ்... ஹுஸ்... ஒவ்வொரு குத்துக்கும் ஒரு மூச்சு விடுவாங்கல்ல, அது. கூடவே நுனிக்கால்ல குதிக்கிற சத்தம். சரக்... சரக்... சரக். இவன் நின்னா அதுவும் நிக்குது.

ஓடுனான்யா. ஓட முடியல. கக்கத்துல இருந்த படம் கனக்குது. தோளுக்கு மாத்துனான், தலைக்கு மாத்துனான். ஒரு முழு ஆளைத் தூக்குற பாரம். தாங்காமத் தரையில வெச்சிட்டான். பேப்பர் சுத்தி, சணல் கட்டுன அந்தப் பொட்டலத்துக்குள்ளருந்து... கொரல்.

"எட்டுதானே அய்யாவு ஆச்சு?"

சும்மா இருங்கடா, யாரும் வெளிய பாக்காதீங்க. மழைதான் அது.

அய்யாவு பொட்டலத்தைப் பாத்துக் கும்பிட்டான். "அண்ணே... பாவமா இருந்துச்சுண்ணே. அதான் வீசுனேன்."

தொம். வெலாவுல ஒண்ணு. கிளவுஸ் போட்ட கை... தோலு வந்து தோல்ல மோதுற சத்தம். ஆளைக் காணோம். வெளக்கு ஆடக்கூட இல்ல.

"எட்டுதானே ஆச்சு?"

"கண்ணுல ரத்தம் வந்துச்சுண்ணே. கண்ணு போயிடுமேன்னு..."

தொம். அதே எடத்துல. எலும்பு முறியிறது அவன் காதுக்கே கேட்டுச்சு. அய்யாவு ஒத்த முட்டி போட்டு, ரோட்டுல உக்காந்துட்டான். மூச்சு கிட்ட வருது. மொகத்துல சூடா அடிக்குது... ஹுஸ்... ஹுஸ். மூணாவது பொய்யச் சொன்னா அங்கயே செத்திருப்பான். அது அவனுக்கே தெரிஞ்சிருச்சு.

அழுதுக்கிட்டே சொன்னான். "கூட்டம் சிரிச்சுதுண்ணே. என்னால தாங்க முடியல. உங்க மூலையில நிக்கிறதுக்கே எனக்கு வெக்கமா இருந்துச்சு. உங்க முட்டி தரையைவிட்டுத் தூக்குனதைப் பாத்தேன். எந்திரிக்கிறீங்கன்னு தெரியும். பாத்துட்டுத்தாண்ணே வீசுனேன்."

இப்பத் தெரியுதா, நான் ஏன் அவன் இவன்னு பேசுறேன்னு? எந்திரிச்சிருந்தா ஜெயிச்சிருப்பாரா? யாருக்குத் தெரியும்! தோத்தே இருக்கலாம். ஆனா நின்னுக்கிட்டுத் தோத்திருப்பாரு. பதினாலு வருசம் கூட இருந்தவன், அந்த ஒண்ணையும் புடுங்கிட்டான். படுபாவி.

அதுக்கப்புறம் அடி விழல. மூச்சு அப்படியே விலகி விலகி... அடங்கிருச்சு. வாடையும் போச்சு. பொட்டலத்தைத் தூக்குனான். பாரமே இல்ல. அட்டையும் கண்ணாடியும் மட்டும்தான்.

வெலாவைப் புடிச்சுக்கிட்டு, உக்காந்து உக்காந்து நடந்து, விடியுற நேரத்துக்கு எஸ்டேட்டுக்கு வந்து சேந்தப்ப, பெரட்டுக்கு ஆளுங்க நிக்கிறாங்க. காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற களம், மொத்த லயமும் அங்கதான். அய்யாவு நடுவுல போயி நின்னு, கத்திச் சொன்னான். அவரு தோக்கல, எந்திரிச்சிட்டிருந்தாரு, நான்தான் நிறுத்தினேன்னு. ரெண்டு தடவை சொன்னான். பின்னால ஒரு பய மட்டும் சிரிச்சான்... "எந்திரிச்சிருந்தா இன்னொண்ணு வாங்கியிருப்பாரு." அவ்வளவுதான் இந்த சனத்துக்குத் தெரிஞ்சது.

பேச்சியம்மா பொட்டலத்தைப் புடுங்கி, சணலைப் பல்லால கடிச்சு அறுத்து, பேப்பரைக் கிழிச்சுப் போட்டுச்சு.

படத்துல கயிறு இருக்கு. குனிஞ்சு விரலை நீட்டுற நடுவர் இருக்காரு. பல்லைக் காட்டுற கூட்டம் இருக்கு. முட்டி போட்ட எடம்... காலி. வெறும் தரை. கீழ பாத்துச் சிரிச்சிட்டிருந்த அந்த இருபது வயசுப் பையன் இப்பக் கீழ பாக்கல. நேரா எதிர்ல பாக்குறான். ரெண்டு கையையும் தூக்கி மூஞ்சியை மறைச்சிட்டு நிக்கிறான்.

சிரிச்சானே அந்தப் பய, அவனும் எட்டிப் பாத்தான். சத்தம் இல்லாம பின்னால நகந்தான்.

கண்ணாடியில, சரியா நடுவுல, ஒரு கை அகலத்துக்கு ஆவி படிஞ்சிருந்துச்சு. காலைப் பனின்னு நெனச்சு, பேச்சியம்மா முந்தானையால தொடச்சுது. போகல. மறுபடி அழுத்தித் தொடச்சுது. ஆவி கண்ணாடிக்கு உள்பக்கம்... அவங்க பாத்துட்டு இருக்கும்போதே மெதுவா மறையுது... திரும்பப் படியுது... மறையுது... படியுது.