அலுமினியச் சட்டி

கல்மண்டபத்தில் பஸ் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கணவனின் முழங்கை மடிப்பில், ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஒடம்புல அலுமினியம் எத்தினி கீதுன்னு பாக்குறாங்களே, எல்லாம் என்னாலதான்யா. மறுநாளு ருசியா இருக்கும்னு மீன் கொழம்ப அலுமினியச் சட்டியிலயே வுட்டு வெச்சேன். புளி அரிச்சிருக்கும்."

"சட்டி இன்னாமே பண்ணும்? பட்டறையில பழைய அலுமினியத்த உருக்கி, அத்தினி வருசம் பொகைய குடிச்சது நானு."

"பயந்துபோயி அந்தச் சட்டிய நேத்தே காயலான் கடையில போட்டுட்டேன்யா."

அவர் கையிலிருந்த பஞ்சைப் பிய்த்து ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

"காயலான் கடையிலேர்ந்து நேரா நம்ம பட்டறைக்குத்தான் போவும். இப்ப அங்க என் எடத்துல நின்னு உருக்கினு கீறது யாரு? நம்ம புள்ளதானே."