நான் பார்த்ததாக எழுதியிருந்தது

நாற்காலியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா. இங்கே நீராவி அடிக்கும், உங்கள் காகிதமெல்லாம் நமுத்துப் போகும். சலவைக் கடை என்றால் அப்படித்தான். இருபத்திரண்டு வருடமாக இந்த வெக்கையில்தான் நிற்கிறேன். இதுவரை ஒரு துணி மாறிப் போனதில்லை. தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள்.

மருந்துக் கடைக்காரரைக் குத்திக் கொன்றது அவருடைய மைத்துனன்தான் என்று இப்போது கண்டுபிடித்துவிட்டீர்கள். நல்லது. மூன்று வருடத்துக்கு முன்பு அதே கொலைக்கு எங்கள் தெரு எலக்ட்ரீஷியனைப் பிடித்தார்களே, அந்த அறிக்கையைப் பற்றித்தானே கேட்க வந்திருக்கிறீர்கள்? அதன் மேல் எனக்கு இருக்கிற கோபம் உங்களுக்கு இருக்காது.

அதில் நான் சாட்சி. எலக்ட்ரீஷியனின் வக்கீல் வந்து காட்டியபோதுதான் எனக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு டீ குடிக்கப் போனேனாம். மஞ்சள் சட்டையில் இரத்தத்தோடு அவன் மருந்துக் கடையிலிருந்து ஓடி வந்தானாம். நான் பார்த்தேனாம். எனக்கு டீயே ஆகாது ஐயா, வயிறு உப்பும். பத்து மணிக்குக் கடையை விட்டு இறங்குவதும் கிடையாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெருவில் எல்லோரும் அவனை 'மஞ்சச் சட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் கண்ணை மூடிக்கொண்டு மஞ்சள் சட்டை என்று எழுதிவிட்டார்கள். அன்றைக்கு அந்தச் சட்டை இந்தக் கடையில், அதோ அந்த மூன்றாவது தட்டில் மடித்து இருந்தது. திங்கட்கிழமை காலையில்தான் வெளுக்கப் போட்டிருந்தான்.

நேரே ஸ்டேஷனுக்குப் போனேன். அறிக்கை எழுதிய ஏட்டு சிரித்துக்கொண்டே பேசினார்.

"உங்களக் கேக்காமப் போட்டது தப்புதான். ஆனா உங்க பேரு இருந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. நீங்க பொய் சொல்ற ஆளா?"

"பேர எடுத்துடுங்க."

"கீழ இருக்கிற கையெழுத்து உங்களோடதுதானே? கோர்ட்டுல மாத்திச் சொன்னா நீங்கதான் பொய்யன் ஆவீங்க."

கையெழுத்து என்னுடையதுதான். கொலை நடந்த மறுநாள் அவர்களுடைய யூனிஃபார்மை வெளுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதே ஏட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். துணி வந்து சேர்ந்ததற்கு என்று நினைத்துப் போட்டுவிட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் இதே யோசனைதான். பொய் எழுதுகிறவன் நாலு இடத்தில் விசாரித்து எழுத வேண்டாமா? நான் என்ன கிள்ளுக்கீரையா? என் பெயரைப் போட்டுவிட்டு இத்தனை ஓட்டை வைத்திருந்தால், நாளைக்கு அந்த வக்கீல் ஊர் முன்னால் என்னைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவான்.

அதனால் நானே சரிசெய்தேன். கடையின் துணிக்கணக்கு நோட்டில் அவன் பெயருக்கு எதிரே 'திங்கள் மாலை திருப்பிக் கொடுத்தது' என்று எழுதினேன். சட்டையைக் கொதிகலன் அடுப்பில் போட்டேன். நல்ல பருத்தி, சீக்கிரம் எரிந்துவிட்டது. டீயை மாற்றி, சலவை சோடா வாங்கப் போனதாகக் கோர்ட்டில் சொன்னேன்.

அதற்கு முன்பு அவன் மனைவி ஒரு நாள் வந்தாள்.

"சட்ட உங்ககிட்டதானே இருந்துச்சு? செவ்வாக்கிழம மத்தியானம்கூட அந்தத் தட்டுல பாத்தேனே. அத மட்டும் சொல்லுங்கண்ணே, போதும்."

"நோட்டுல என்ன இருக்கோ அதத்தாம்மா சொல்ல முடியும்" என்றேன்.

கோர்ட்டிலும் அவள் அதையே சொன்னாள். நீதிபதி நோட்டைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓர் அடித்தல் கிடையாது. இவ்வளவு ஒழுங்காக நோட்டு வைத்திருப்பவரை நம்பாமல் இருக்கக் காரணமில்லை என்று தீர்ப்பிலேயே எழுதினார். தீர்ப்பின் அந்தப் பக்கத்தைத்தான் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். உங்களுக்குப் பின்னால் பாருங்கள்.

அவனுக்கு ஆயுள் தண்டனை. இரண்டாவது வருடம் சிறையிலேயே தூக்கு மாட்டிக்கொண்டான். உடல் வீட்டுக்கு வந்த அன்று அவள் மறுபடியும் இங்கே வந்து நின்றாள். அழவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"நான் யாருகிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேண்ணே. அவருக்குப் போட்டு அனுப்பணும். அந்தச் சட்டையக் குடுங்கண்ணே."

நான் பதற்றப்படவில்லை. நோட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினேன்.

"திங்கக்கிழமையே குடுத்துட்டேனேம்மா."

அவள் நோட்டைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நோட்டில் அவ்வளவு தெளிவாக இருந்தும், அவள் என்னைப் பொய்யன் என்றுதான் நினைத்தாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.